சிவப்பு மையில் எழுதிய இறால்

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்து இளையவர்கள் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். மலர் என்றால் முன்னால் ஆசிச் செய்திகள், பின்னால் நகைக்கடை விளம்பரம், நடுவில் யாரும் வாசிக்காத கட்டுரைகள். அந்த நடுப்பகுதிக்கு என்னைக் கேட்டார்கள்.

"சேர், நீங்க அந்த எனாலப்ரில் கதையை எழுதுங்க" என்றார் போனில் பேசிய தம்பி. "வாகரை இறால் அக்காவை நீங்க காப்பாத்தின கதை. புதுசா வாற பிள்ளைகளுக்கு நாங்க அதைத்தான் சொல்லிக் குடுக்கிறம்."

பதினொரு வருடமாக அந்தக் கதையை வைத்துச் சாப்பிட்டு வருகிறேன். இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல, உண்மையாகவே சாப்பிட்டிருக்கிறேன். அந்த விவரம் பின்னால் வரும். எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லி, நாவற்குடா வீட்டு மேசையில் தாளை விரித்து, பேனையைத் திறந்தபோதுதான் ஒரு சிறிய சிக்கல் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையில் காப்பாற்றியவர் நான் இல்லை. கொல்லப் பார்த்தவர் வேண்டுமானால் நான்.

காப்பாற்றியவர் நஸீமா. அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தக் கட்டுரையின் நீளத்திலிருந்து நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

நான் மருந்தாளர் ஆனது டொக்டராவதற்குப் புள்ளி போதாததால். 'சிறு வயது முதலே மருந்துகளின் மேல் ஆர்வம்' என்று எழுதுவது மலர்களின் வழக்கம். எனக்குச் சிறு வயது முதல் இருந்த ஆர்வம் கதைப் புத்தகங்களின் மேல். கொழும்பில் படிப்பு, தண்ணீராக ஓடிய பருப்புக் கறி, பிறகு மலையகத்தில் நாலு வருடம் குளிரில் விறைத்த விரல்களால் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, எண்ணியது, பிறகு மட்டக்களப்புக்கு மாற்றம். அவ்வளவுதான் என் இளமை.

இங்கே வந்த முதல் நாள் குணநாயகம் சேரிடம் ஒப்படைக்கப்பட்டேன். அவர்தான் எங்கள் தலைமை மருந்தாளர். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டையின் பையில் இரண்டு பேனையும் ஒரு எண்ணும் தகடும் இருக்கும். எண்ணும் தகடு என்பது வெண்ணெய் பூசும் கத்தியைப் போல மொட்டையான ஒன்று. தட்டில் கொட்டிய குளிசைகளை அதால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவோம். அவர் தள்ளும்போது குளிசைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் போகும். நாங்கள் தள்ளினால் சந்தை கலைந்தது போலிருக்கும்.

ஒரு போத்தலை ராக்கையிலிருந்து எடுக்கும்போது பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். தட்டில் கொட்டும்போது இன்னொரு தரம். திருப்பி வைக்கும்போது மூன்றாம் தரம். "தெரியும்தானே சேர்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளை அன்று முழுக்கக் கடதாசி உறை ஒட்ட விடுவார். பேச்சு மிகக் குறைவு. எங்கள் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். எண்ணிக்கை பிழைத்தால், அல்லது பிழைத்ததாக அவருக்குத் தோன்றினால், மேசையில் தகட்டால் இரண்டு தட்டு. 'டக், டக்'. 'எல்லாவற்றையும் கொட்டி முதலிலிருந்து எண்ணு' என்று பொருள். ஏன், எது என்று கேட்கக் கூடாது. கேட்டவரும் இல்லை.

அந்தத் தட்டை நான் ஒரே ஒரு முறைதான் கேட்காதது போல் இருந்திருக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

நான் வந்து பத்துப் பன்னிரண்டு வருடங்களின் பின் காத்தான்குடியிலிருந்து நஸீமா வந்தார். அதுவரை கிளினிக் நாளில் மருந்து கொடுக்க ஒரே ஜன்னல்தான். அது என் ஜன்னல். அவர் வந்ததும் இரண்டாவது ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு மாதம் சரியாகத்தான் போனது. பிறகு ஒரு புதன்கிழமை தலையை நிமிர்த்திப் பார்த்தால், என் ஜன்னலுக்கு முன்னால் மூன்று பேர். அவருடைய ஜன்னலுக்கு முன்னால் வரிசை விறாந்தையைத் தாண்டி வேப்பமரம் வரை போயிருந்தது.

"இஞ்சால வாங்க! இந்த ஜன்னல் சும்மா இரிக்கு!" என்று கூப்பிடுவேன். வரிசையில் நிற்பவர்கள் மேலே பார்ப்பார்கள். மேலே ஒரு மின்விசிறி இருந்தது. அது சுற்றுவதும் இல்லை. ஆனால் நான் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் நாற்பது பேர் அதைக் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள்.

நான் வேகம். ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிடம். கிளினிக் கொப்பியை வாங்கி, வாசித்து, எண்ணி, உறையில் போட்டு, "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, அடுத்தாள்" என்று முடிப்பேன். நஸீமாவுக்கு ஆறு நிமிடம், ஏழு நிமிடம். மருந்தைக் கொடுத்த பிறகு பேனையை வைத்துவிட்டு, நாடியில் கையை ஊன்றி, "சொல்லுங்க" என்பார். சனம் சொல்லும். டொக்டரிடம் சொல்லாததை எல்லாம் சொல்லும். எங்கள் சனத்திடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. டொக்டரின் அறைக்குள் போனால், "எப்படி இரிக்கு?" என்ற கேள்விக்கு "சுகம் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். தலைச்சுற்று, வயிற்றெரிச்சல், குளிசையைப் பாதியாக உடைத்தது, மருமகளோடு சண்டை எல்லாம் மருந்து ஜன்னலில்தான் வெளியே வரும். பத்துப் பன்னிரண்டு வருடம் நான் அந்த வாசலை மூடி வைத்திருந்தேன். வந்த அன்றே அவர் திறந்துவிட்டார்.

எனக்குப் பொறாமை வந்தது. கொஞ்சமாக வந்தது என்று எழுதினால் குணநாயகம் சேர் மேலே இருந்து தட்டுவார். ஆகவே நன்றாகவே வந்தது. அவர் எழுதுவது, சிரிப்பது, நோயாளிகள் கொண்டுவந்து கொடுக்கும் மாம்பழம், எல்லாவற்றையும் பார்த்து வந்தது. புத்தகம் வாசித்தவன் நான், கேள்வி கேட்பவர் அவரா என்றும் வந்தது.

சனத்தைக் கவர நானும் ஒரு முயற்சி செய்தேன். எனாலப்ரில் குளிசையின் வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும். நம் உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருளை அது செய்து கொடுக்கும். இந்தக் குளிசை அந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போடும். குழாய் தளரும், பிரஷர் இறங்கும், களைத்துப்போன இதயத்துக்குச் சுமை குறையும். இப்படி ஒரு மருந்து செய்யலாம் என்ற யோசனை தென்னமெரிக்க விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்தபோது கிடைத்தது. சுவையான விஷயம்தானே? ஒரு புதன்கிழமை, கிரானில் பெரிய வயல்வட்டை வைத்து நெல் பயிர் செய்யும் கந்தப்போடியார் தப்பித் தவறி என் ஜன்னலுக்கு வந்தபோது, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் போடியார் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, மகனின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதமாகக் குளிசை போடவில்லையாம். என் ஜன்னலைத் திரும்பியும் பாராமல் நஸீமாவிடம் போனார்.

"நாங்க நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற குடும்பம், புள்ள. அதிட நஞ்ச நான் முழுங்கினா குடும்பம் விளங்குமா?"

"போடியார், இதில பாம்பு இல்ல. பாம்பப் பாத்து மனிசன் படிச்சான், அவ்வளவுதான். இது பக்டரியில செய்யிறது."

"அப்ப ஏன் அந்தச் சேர் பாம்பெண்டார்?"

நஸீமா கொஞ்சம் யோசித்தார். "சேருக்கு வாசிப்புக் கூட" என்றார்.

வரிசை சிரித்தது. மின்விசிறியே சிரித்தது போலிருந்தது எனக்கு.

இனி யோகராணி அக்கா.

வாகரையைச் சேர்ந்தவர். அப்போது ஐம்பது வயதிருக்கும். சுனாமியில் புருசனையும் வள்ளத்தையும் இழந்தவர். விடியக் கரைக்குப் போய், வள்ளங்களில் வரும் இறாலையும் நண்டையும் வாங்கி, ரோட்டோரத்தில் பெட்டி வைத்து விற்பார். அந்தப் பெட்டியை வைத்தே இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தியைக் கரைசேர்த்தவர், மற்றவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். மாரடைப்பு வந்து தப்பி, அதன் பிறகு இதயம் பலவீனமாகி எங்கள் கிளினிக்குக்கு வரத் தொடங்கினார். டொக்டர் எனாலப்ரில் எழுதினார். கால் வீக்கமும் வற்றியது, மூச்சும் சீரானது, திரும்பவும் பெட்டி வைத்தார். நஸீமாவின் வரிசையில் நிற்கும் ஆள்.

ஒரு புதன் நஸீமா லீவு. யோகராணி அக்கா வேறு வழியில்லாமல் என் ஜன்னலுக்கு வந்தார். கீழுதட்டின் ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் தடித்திருந்தது.

"சேர், முந்தநாள் சொண்டு வீங்கிப் போச்சு. பாலப்பழம் மாதிரி. இப்ப வத்தியிட்டு."

நஸீமாவின் ஆள் என் ஜன்னலில், அதுவும் தானாகவே கதை சொல்கிறார்! நானும் பேனையை வைத்தேன். நாடியில் கையை ஊன்றினேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"இறால்தான் சேர். விக்காம மிஞ்சினதக் கறி வெச்சன்."

வேறென்ன வேண்டும்? எங்கள் பக்கத்தில் உதடு வீங்கினால், தோல் தடித்தால், கண் சிவந்தால், முதலில் மாட்டுவது இறால்தான். 'கிரந்தி' என்று ஒரு சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுவோம். கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாம் கிரந்தி. வாவியையும் கடலையும் சுற்றி இருந்துகொண்டு, அவை தருவதையே சந்தேகப்படுவது எங்கள் ஊரின் குணம்.

நான் வாசித்த புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. எனாலப்ரில் கையைக் கட்டிப்போடும் அந்த நொதியம் இன்னொரு வேலையும் பார்க்கிறது. பிரடிகைனின் என்ற ஒன்றை உடைத்து அப்புறப்படுத்துவதும் அதுதான். கையைக் கட்டினால் அந்தக் குப்பை அள்ளுப்படாமல் சேரும். சிலருக்கு அதனால் வறட்டு இருமல் வரும். மிகச் சிலருக்கு உதடு வீங்கும், நாக்கு வீங்கும். தொண்டை வீங்கினால் ஆள் மூச்சு விட முடியாமல் போய்விடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பரீட்சையில் வந்திருந்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் கேள்வி பரீட்சையில் வரவில்லை, வாகரையிலிருந்து வந்தது.

அவரை டொக்டரிடம் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். என் கையெழுத்தில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. கொப்பியில் திகதி போட்டு, 'உதடு வீக்கம். இறால், நண்டு முற்றாகத் தவிர்க்கவும்' என்று முத்து முத்தாக எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். எனாலப்ரில் அறுபது குளிசை எண்ணிக் கொடுத்தேன்.

"தொடவும் கூடாதா சேர்?"

"தொடாமல் இருக்கிறது நல்லம்" என்றேன். நஸீமாவாக இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து யோகராணி அக்கா வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். நேரே நஸீமாவின் வரிசையில் நின்றார். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். கேட்கக் கூடாததெல்லாம் கேட்கும்.

"யாவாரத்த விட்டுட்டன், மகள். கொப்பியில சிவப்பால எழுதிக் கிடக்கெண்டு மகள் பெட்டியத் தூக்கி எறிஞ்சிட்டாள். ஊரில என்ன கதை தெரியுமா? 'அவள் விக்கிற இறால் அவளுக்கே ஆகல்ல, நாம எப்படித் திங்கிற' எண்டு. ரெண்டு மாசமா ஒரு இறாலக் கண்ணாலயும் காணல்ல. நேத்து மறுகா வீங்கிட்டு. இந்தத் தரம் நாக்கும் கொஞ்சம், எல்லுப்போல தடிச்சது. சோறு முழுங்க ஏலாமப் போச்சு. பக்கத்து வீட்டில இறால் அவிச்ச மணம் வந்தது, அதுதான் போல."

நஸீமா பேனையை வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, சொறிஞ்சதா?"

"என்னது?"

"வீங்கினப்போ சொறி இருந்திச்சா? அரிப்பு? கை கால் எங்கயாவது தடிச்சதா?"

"இல்ல மகள். சொறி ஒண்டுமில்ல. சும்மா மொத்தமா இருந்திச்சு, அவ்வளவுதான்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கையில் தகடு அப்படியே நின்றது. அந்தக் கேள்விதான். புத்தகத்தின் அந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒற்றைக் கேள்விக்குள் இருந்தது. இறால் ஒத்துக்கொள்ளாவிட்டால் சொறியும், தடிக்கும். குளிசையால் வரும் வீக்கம் சொறியாது. எனக்கு அது தெரியும் என்பது, அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கொப்பியின் பக்கங்கள் பின்னோக்கிப் புரளும் சத்தம் கேட்டது. புரள்வது நின்றது. சிவப்பு மையைக் கண்டிருப்பார்.

அவர் என் பக்கம் வந்தார். மெதுவாகத்தான் பேசினார். "சேர், இது இறால் இல்லப் போல. எனாலப்ரில் தொடங்கின பிறகுதான் வந்திருக்கு. டொக்டரிட்டத் திருப்பி அனுப்புவம்."

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை மலரின் இளைய வாசகர்களே எழுதிவிடுவார்கள். நான் சொன்னது இது: "இறால் திண்டிருப்பா. இவங்க உண்மை சொல்லுவாங்களா? டொக்டரும் எழும்பப் போறார். அடுத்த கிளினிக்கில பாப்பம்."

"சேர், நாக்கும் தடிச்சிருக்கு."

"நஸீமா, உங்களுக்கு முந்தியே நான் இதை வாசிச்சவன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்தானே சேர்."

தெரியும். அதுதான் பிரச்சினை. அவர் சொல்வது சரியென்று அவரைவிட எனக்குத்தான் கூடுதலாகத் தெரியும். ஒப்புக்கொண்டால், சிவப்பு மை என்னுடையது. ஒரு பெண்ணின் வியாபாரத்தை முடித்து வைத்த அந்த இரண்டு கோடும் என்னுடையது. "நீங்க குடுக்காட்டி நான் குடுக்கிறன்" என்று கொப்பியை அவர் கையிலிருந்து வாங்கினேன். போத்தலின் பெயரை மூன்று தரமும் வாய்விட்டு வாசித்தேன். ஐந்து ஐந்தாகத் தள்ளினேன். அறுபது. ஒன்றும் பிழையில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு திருத்தமாக ஒரு பிழையை நான் எண்ணியதில்லை.

யோகராணி அக்கா பையை வாங்கிக்கொண்டு போனார். நஸீமா தன் ஜன்னல் கதவைச் சாத்தினார். வரிசையில் முப்பது பேர் நிற்க, பின்வாசலால் வெளியே ஓடினார்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததை யோகராணி அக்காவே பிறகு எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். "வாகரை பஸ் வெளிக்கிடப் போகுது. அபாயாவோட ஒரு பொம்பிள ஓடி வந்து ஏறி, என்ர கையில இருந்த பையைப் பறிக்குது. கள்ளி எண்டு நினைச்சு நானும் விடல்ல. 'அக்கா, நான்தான், நஸீமா, இந்தக் குளிசையப் போடாதீங்க' எண்டு மூச்சு வாங்குது புள்ள. கண்டக்டர் கேக்கான், 'மிஸ், ஏறுறீங்களா, இறக்குறீங்களா? ரெண்டுல ஒண்டச் சொல்லுங்க' எண்டு."

இறக்கினார். டொக்டர் காருக்குள் ஏறப்போகும் நேரம் பிடித்தார். டொக்டர் அங்கேயே, காரின் மேல் கொப்பியை வைத்து, எனாலப்ரிலை வெட்டி வேறு குளிசை எழுதினார். கொப்பியின் மட்டையில் 'எனாலப்ரில் இனி ஒருபோதும் வேண்டாம்' என்று பெரிதாக எழுதினார். "நாக்கு வரைக்கும் வந்திட்டுது. அடுத்த தரம் வாகரையில இருந்து இஞ்ச வந்து சேந்திருக்க மாட்டா" என்றாராம்.

பிறகு டொக்டர் மருந்தகத்துக்குள் வந்தார். நான் ஜன்னலில் இருந்தேன். நஸீமா இல்லாததால் இரண்டு வரிசையும் என்னிடம். பல வருடத்தின் பின் எனக்கு நீளமான வரிசை. அதை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

"மிஸ்டர் தேவதாசன்!" என்று கையை நீட்டினார். "நஸீமா சொன்னா, நீங்க திகதி போட்டு வீக்கத்தை எழுதி வெச்சதாலதான் பிடிச்சதாம். இப்படித்தான் எழுதோணும். எக்ஸலன்ட்!"

நான் நஸீமாவைப் பார்த்தேன். அவர் கேலி செய்யவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். திகதி இருந்தது உண்மை. அதைப் பார்த்துத்தான் அவர் கணக்குப் பார்த்தார் என்பதும் உண்மை. இறால் பற்றிய மீதி வரியை அவர் டொக்டரிடம் சொல்லவில்லை. ஒரு ஆளைத் தோற்கடித்துவிட்டு, வெற்றியைக் கொண்டுவந்து அந்த ஆளின் மடியிலேயே போட்டுவிட்டுப் போவதற்கு என்ன பெயர்? அன்றுவரை அவருடைய வரிசையைப் பார்த்துத்தான் எரிந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவருடைய மனசைப் பார்த்தும் எரியத் தொடங்கினேன்.

நான் எழுந்து டொக்டரின் கையைக் குலுக்கினேன். "தேங்க் யூ, டொக்டர்" என்றேன்.

பின்னால் மேசையில் 'டக், டக்'.

குணநாயகம் சேர் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. என் கையில் போத்தலும் இல்லை, தட்டில் குளிசையும் இல்லை. நான் திரும்பவில்லை. "அடுத்தாள்" என்றேன். அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்தத் தட்டைப் பற்றி அவர் கண்மூடும்வரை பேசவில்லை. அதிகமாகப் பேசாத ஆள்தான் என்று சொன்னேனே.

யோகராணி அக்காவுக்கு அதன் பிறகு வீங்கவில்லை. மூன்றாம் மாதம் எங்கள் விறாந்தையில் வைத்தே, ஒரு சட்டி இறால் கறியை எல்லோர் கண் முன்னாலும் சாப்பிட்டுக் காட்டினார். வாகரைக்கும் செய்தி போனது. பெட்டி திரும்ப ரோட்டோரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இறால் பெருகும் காலத்தில் இரண்டு பார்சல் வரும். ஒன்று நஸீமாவுக்கு. மற்றது 'வடிவா எழுதி வெச்ச சேருக்கு'. நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவேன். நஸீமா தன்னுடையதைப் பிரிக்காமல், கூட்டிப் பெருக்கும் மலரக்காவிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார். தருமம் செய்து காட்டுகிறாராக்கும் என்று அதற்கும் எரிவேன். எரிந்துகொண்டே இறால் பொரியல் சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கும். அதற்கும் குளிசை எங்களிடம் இருந்தது.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் அறுபது ஆகவில்லை. பிரஷர் மட்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் டொக்டர் எனக்கும் எனாலப்ரில் எழுதினார். நஸீமா இப்போது தலைமை மருந்தாளர். ஆனாலும் புதன்கிழமைகளில் அவரே ஜன்னலில் இருக்கிறார். என் பழைய ஜன்னலில் மலருக்குப் போன் எடுத்த அதே தம்பி.

போன வாரம் யோகராணி அக்காவின் பார்சல் பஸ்ஸில் வந்தது. ஐஸ் உருகுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பழைய ஆட்கள் உள்ளே போய் மருந்து வாங்கலாம், அந்த மரியாதை எங்களுக்கு உண்டு. நான் நஸீமாவின் வரிசையில், வேப்பமரத்தடியில் நின்றேன்.

"சேர்! இஞ்சால வாங்க, இந்த ஜன்னல் சும்மா இரிக்கு!" என்று தம்பி கூப்பிட்டார்.

நான் மேலே பார்த்தேன். அந்த மின்விசிறி இப்போதும் சுற்றுவதில்லை.

முக்கால் மணித்தியாலத்தில் என் முறை வந்தது.

"என்ன சேர், உள்ளுக்கு வந்திருக்கலாமே?"

"இதைக் குடுக்க வந்தன்" என்று பார்சலை ஜன்னலில் வைத்தேன். "இது உங்கட பங்கு. பதினொரு வருசமா நான் திண்டதும் உங்கட பங்குதான். மலருக்கு எழுதுறன். சிவப்பால எழுதினது நான், நாக்குத் தடிச்ச பிறகும் அறுபது எண்ணிக் குடுத்தது நான், ஓடினது நீங்க. அப்படியே எழுதுறன்."

நஸீமா பார்சலைப் பார்த்தார். கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"சேர், அதை எல்லுப்போல அங்கால வையுங்க. எனக்கு இறால் ஆகாது."

"என்ன?"

"சின்னனில இருந்து. மணம் பட்டாலே கையெல்லாம் தடிக்கும். தோல் உரியிற மட்டும் சொறியோணும். அதான் அண்டைக்கு அக்காவிட்ட அப்படிக் கேட்டன். சொறியாத இறால் கிரந்திய நான் கண்டதேயில்ல."

ஆக, புத்தகம் இல்லை. நான் பக்கம் பக்கமாக வாசித்து மூடி வைத்திருந்ததை இந்தப் பெண் தோலிலேயே எழுதி வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறார். மலரக்காவுக்குப் போன பார்சல்களில் தருமமும் இல்லை, காட்டுதலும் இல்லை. ஒரு மனிதனின் கிரந்தியைப் பார்த்து இன்னொரு மனிதன் பொறாமைப்படலாமா? படலாம். ஜன்னலடியில் நின்று பட்டேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்தது. சளி இல்லாத, தொண்டையில் ஒரு தூசி சிக்கியது போன்ற இருமல். நிற்க நேரம் எடுத்தது.

நஸீமா பேனையை வைத்தார். நாடியில் கையை ஊன்றினார்.

"எப்ப இருந்து சேர்?"

"கச்சான் காத்து" என்றேன். "இந்த முறை வறட்சி கூட. ஊர் முழுக்க இருமுது."

பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "ஓம், ஓம், கச்சான்தான்" என்று ஒத்து ஊதினார். இறாலைக் குற்றவாளியாக்கிய அதே ஊர். காற்றை விட்டுவிடுமா?

நஸீமா மேசையிலிருந்த எண்ணும் தகட்டை எடுத்து, ஜன்னல் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். 'டக், டக்'.

அவரும் குணநாயகம் சேரின் கீழ் வேலை செய்தவர்தான். நான் மறந்திருந்தேன்.

"குளிசை தொடங்கி ரெண்டாம் மாசத்தில இருந்து" என்றேன். "அஞ்சு மாசமா எனக்குத் தெரியும். உங்களிட்ட வந்து சொல்ல வெக்கம்."

அவர் சிரிக்கவில்லை. என் கொப்பியை இழுத்து, திகதி போட்டு, நீல மையில் எழுதினார்: 'வறட்டு இருமல், ஐந்து மாதமாக. எனாலப்ரில் காரணமாக இருக்கலாம். தயவுசெய்து பார்க்கவும்.' இன்றே டொக்டரிடம் திரும்பிப் போகச் சொன்னார். "சேர், மறுகா வந்து இதே லைனில நிக்க வேணாம், உள்ளுக்கு வாங்க" என்றார்.

கொப்பியை வாங்கிக்கொண்டு விறாந்தையால் நடந்தேன். டொக்டரின் அறை வாசலில் வைத்து இன்னொரு தரம் திறந்து பார்த்தேன். கோடு இழுக்கவில்லை, சிவப்பும் இல்லை. கையெழுத்து என்னுடையதை விட வடிவு.